ஒத்தப் பாதைக்காரனுக்கு ரெட்டைப் பாதை ஆசை

ஏலே பேராண்டி, இங்கன வா. செல்லைக் கீழ வை. இண்டிகோக்காரன் அறுபது பெரிய விமானம் வாங்குதான்னு நேத்துலருந்து கெடந்து துள்ளுத. நீயா துட்டு போட்ட? இல்ல, ஒன்னையச் சும்மா ஏத்திட்டுப் போறேன்னு சொல்லியிருக்கானா? ரெண்டும் இல்லேல்லா? பொறவு என்னலே துள்ளல்?

வைடு பாடி, வைடு பாடிங்க. அது என்னன்னு சொல்லு பாப்போம். பெருசா இருக்குமா? எருமையும்தான் பெருசா இருக்கும். நான் சொல்லுதேன், கேட்டுக்க. நீ மெட்ராசுக்குப் போய்ட்டு வாரேல்லா, அந்த வண்டியில இந்தப் பக்கம் மூணு சீட்டு, அந்தப் பக்கம் மூணு சீட்டு, நடுவுல ஒத்தப் பாதை. ஒருத்தன் மேல இருந்து பெட்டிய எறக்கினா பின்னால நிக்க அம்புட்டு பேரும் சாமி ஊர்வலத்துக்கு நிக்க மாதிரி நிக்கணும். அது ஒத்தப் பாதை வண்டி. பெரிய வண்டியில மூணு, மூணு, மூணுன்னு வரிசைக்கு ஒம்பது சீட்டு. நடக்க ரெண்டு பாதை. இண்டிகோவோட ஏ320ல 186 பேர் ஏறலாம். 2025ல வாடகைக்கு எடுத்து ஐரோப்பாவுக்கு விட்டானே, அந்த 787ல 338 பேர். வித்தியாசம் இம்புட்டுதான்னு நெனச்சிராத. வித்தியாசம் சீட்டுல இல்ல, கணக்கு நோட்டுல.

முதல்ல இதைச் சொல்லு. மலிவு விமானம்ங்கானே, அந்த மலிவு எங்கேருந்து வருது? உப்புமாவுக்குத் தனியாத் துட்டு வாங்கதுலருந்தா? சுடுதண்ணிய ஊத்தி மூடி வச்சுத் தாரானே ஒரு டப்பா உப்புமா, அதுலயா? அட போலே. அதெல்லாம் சில்லறை. பெட்டிக்குத் தனிக் காசு, சன்னல் சீட்டுக்குத் தனிக் காசு, அதுவும் சில்லறைதான். நெசமான துட்டு தரையில கெடக்கு. விமானம் தரையில எம்புட்டு கொஞ்ச நேரம் நிக்கோ அம்புட்டு லாபம்.

நம்ம ஊரு விலக்குல இட்லிக்கடை இருக்கு. ரெண்டே பெஞ்சு. ஒரு நாளைக்கு எத்தன பேரு சாப்பிட்டுப் போறான்? பெஞ்சு பெருசா இருந்தா வந்த கூட்டமா அது? ஒருத்தன் கை கழுவ எந்திரிக்கும் முன்ன அடுத்தவன் இலைய விரிச்சிருதான். இட்லி, சட்னி, சாம்பார். தோசை கேட்டா இல்லம்பா அந்த அம்மா. பூரி கேட்டா மொறைப்பா. அந்த மொறைப்புலதான் லாபம் இருக்கு. மலிவு விமானக்காரனும் அதே யாவாரந்தான் பண்ணுதான். ஒரே ரக விமானம், ஒரே ரக சீட்டு, ஆளு எறங்க எறங்க அடுத்த ஆளு.

வந்து நின்ன இண்டிகோ விமானத்த நீ கவனிச்சுப் பாத்திருக்கியா? எங்க, நீ செல்லப் பாத்துக்கிட்டே எறங்குவ. நான் பாத்திருக்கேன். சக்கரம் நிக்கதுக்குள்ளயே கீழ ஆளுக தயாரா நிக்கான். படிக்கட்டுக்குப் பதிலாச் சாய்ப்பாதை ஒண்ணத் தள்ளிட்டு வாரான். ஏன் தெரியுமா? படியில பாட்டி ஒருத்தி நின்னு நின்னு எறங்குவா, பெட்டிக்காரன் மூச்சு வாங்குவான். சாய்ப்பாதையில எல்லாவனும் தானா வழுக்கிட்டு வந்துருவான். சக்கர நாற்காலிக்கும் சுளுவு. 2022ல அதுலயும் ஒரு படி மேல போயி, முன்னால ரெண்டு வழி, பின்னால ஒரு வழின்னு மூணு வழியா ஆள எறக்க ஆரம்பிச்சான். கொஞ்ச நிமிசம் மிச்சம் புடிக்கதுக்கு! சிரிக்காத. ஒரு வண்டி நாளைக்கு அஞ்சாறு நடை போகும். நடைக்கு அஞ்சு நிமிசம் மிச்சம் புடிச்சா, வண்டிக்கு அர மணி. நானூறு வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பாரு. இந்தப் புத்திதாம்லே 2006ல ஒரு வண்டியோட கெளம்பினவன நாட்டுக்குள்ள பறக்கவன்ல நூத்துக்கு அறுவது பேருக்கு மேல தன் வண்டியில ஏத்த வச்சது.

சரி, இப்ப அதே ஆளு பம்பாய்லருந்து ஆம்ஸ்டர்டாம் போறான். ஒம்பது பத்து மணி நேரம் ஆகாசத்துல. அங்கன போயி எறங்கி, கழுவி, சாப்பாடு ஏத்தி, எண்ணெ ஊத்தி, திரும்பி வர இன்னொரு ஒம்பது மணி. நாள் முடிஞ்சு போச்சு. மூணு வழியா ஆள எறக்கி மிச்சம் புடிச்ச நிமிசத்த எங்கன கொண்டு போயி வைப்ப? நீ அர மணியில கெளம்பினாலும் ரெண்டு மணி நேரத்துல கெளம்பினாலும் ஒரு நாளைக்கு ஒரு போக்கு, ஒரு வரவு. அதுக்கு மேல கெடையாது.

இங்கனதாம்லே சூட்சுமம். கிட்டத்துல பறக்கையில மலிவுக்காரனுக்கும் மத்தவனுக்கும் செலவுல பெரிய வித்தியாசம். தூரத்துல பறக்கையில? துபாய்க்காரன் வண்டியும் பதினெட்டு மணி நேரம் ஆகாசத்துலதான் இருக்கு. ஜெர்மன்காரன் வண்டியும் அப்படித்தான். எண்ணெ வெல எல்லாவனுக்கும் ஒண்ணு. வண்டி வெல ஏறத்தாழ ஒண்ணு. அப்ப நீ எதுல மலிவு? அவனாவது முன்னால படுக்கை போட்டு, பட்டுத் துணி விரிச்சு, ஒருத்தன்ட்ட நாலு பேரு துட்ட வாங்கிருதான். அந்த நாலு பேரு துட்டுலதான் பின்னால இருக்கவனுக்கு டிக்கெட்டக் கொறைக்கான். நீ என்னத்த வச்சுக் கொறைப்ப?

இன்னொண்ணு இருக்கு. ஒரே ரக விமானம்னா எந்த விமானிய எந்த வண்டியிலயும் ஏத்தலாம். ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா அடுத்தவன். ஒரு வண்டிக்கு டயர் போனா அடுத்த வண்டி டயர். பெரிய வண்டி வந்துச்சுன்னா அதுக்குத் தனி விமானி, தனிப் பயிற்சி, தனிச் சாமான். ஏ350க்கு ரோல்ஸ்ராய்ஸ் ஒருத்தன்தான் என்ஜின் தாரான். அவன் வச்சதுதான் வெல. அதோட தூரப் பயணத்துக்கு ரெண்டு விமானி பத்தாது. மூணு பேரு, நாலு பேருன்னு மாத்தி மாத்தி ஓட்டணும். ஓட்டாதவன் படுக்க விமானத்துக்குள்ளயே கட்டிலு. போன எடத்துல லாட்ஜு. ஒத்தப் பாதை வண்டிக்காரன் பெரும்பாலும் ராத்திரி வீட்டுல வந்து படுத்துக்கிடுவான், பாத்துக்க.

இத நான் கண்டுபுடிச்சேன்னு நெனைக்காத. எனக்கு முன்னால பல பேரு கைய சுட்டுக்கிட்டுப் போயிட்டான்.

லேக்கர்னு ஒரு வெள்ளக்காரன். 1977ல லண்டன்லருந்து நியூயார்க்குக்கு 59 பவுனுன்னு டிக்கெட் போட்டான். டிசி-10ன்னு பெரிய வண்டி. சனம் ராத்திரி தெருவுல படுத்து வரிசையில நின்னுச்சு. ராணியம்மா கூப்பிட்டு சர் பட்டம் குடுத்தா. பட்டம் வந்துச்சு, பொறவு வெனையும் வந்துச்சு. கடன டாலர்ல வாங்கியிருந்தான், வசூலு பவுன்ல. பவுனு எறங்கிப் போச்சு. பெரிய கம்பெனிக்காரனுகளும் வெலயக் கொறைச்சான். 1982 பிப்ரவரியில கதவச் சாத்திட்டான்.

ஐஸ்லாந்துலருந்து வாவ்னு ஒருத்தன். பேரே வாவ். ஊதாக் கலரு விமானம். ஏ330 எடுத்தான், அமெரிக்கா போனான், 2018 டிசம்பர்ல டெல்லி வரைக்கும் வந்தான். ரெண்டு மாசம்கூட முழுசா ஓடல. 2019 மார்ச்சுல ஆளே இல்ல.

மலேசியாக்காரன் ஏர் ஏசியா எக்ஸ் இருக்கான்லா, இப்பவும் பறக்கான். ஆனா எப்படிப் பொழச்சான்னு கேளு. 2009ல கோலாலம்பூர்லருந்து லண்டனுக்கு விட்டான். வண்டி நாலு என்ஜின் வச்ச ஏ340. எண்ணெ குடிக்கதுல அதுக்கு நிகரு கெடையாது. 2012ல லண்டன், பாரிஸ், டெல்லி, பம்பாய் எல்லாத்தையும் ஒரே மூச்சுல நிறுத்திப்புட்டான். பொறவு கொரோனா வந்து கடன் கழுத்துக்கு மேல போனப்ப, கடன்காரங்ககிட்ட நூத்துக்கு அர ரூவா வாங்கிட்டு போங்கன்னான். நூறு ரூவாய்க்கு அம்பது பைசா! அவனுகளும் விதியேன்னு 2021ல தலைய ஆட்டினானுக. நம்ம ஊருல நூறு ரூவாய்க்கு அம்பது பைசா குடுத்துப் பாரு, திண்ணையில உக்காந்துருவான். பெரிய எடத்துல அதுக்குப் பேரு சீரமைப்பாம்.

ஆனா எல்லாரையும் விட நார்வேஜியன்காரன் கதையத்தான் நீ நல்லாக் கேக்கணும். ஏன்னா அது நம்ம கதையோட வந்து ஒட்டுது.

நார்வே நாட்டுக்காரன். ஒத்தப் பாதை வண்டி வச்சு ஐரோப்பாவுக்குள்ள நல்லாத்தான் பறந்துக்கிட்டு இருந்தான். 2013ல 787 வாங்கினான். புது வண்டி, எண்ணெ கொஞ்சமாக் குடிக்கும், அமெரிக்காவுக்குப் பஸ் டிக்கெட் மாதிரி டிக்கெட்டுன்னான். பத்திரிகைக்காரன் எல்லாம் லேக்கர் கனவு நனவாச்சுன்னு எழுதினான். நடந்தது என்ன? 787ல போட்டிருந்த ரோல்ஸ்ராய்ஸ் என்ஜினுக்கு வியாதி வந்து வண்டி தரையில நின்னுச்சு. டிக்கெட் வித்தாச்சே, என்ன செய்ய? அடுத்தவன்ட்ட பழைய வண்டிய வாடகைக்கு எடுத்து ஓட்டினான். கூடவே போயிங் மேக்ஸ் வண்டிகளையும் 2019ல உலகமே நிறுத்திப்புட்டு. கடைசியில கொரோனா. 2021 ஜனவரியில, சாமி, எனக்குத் தூரப் பயணமே வேண்டாம்னு கும்பிடு போட்டுட்டான். இன்னைக்கு அவன் உசுரோட இருக்கான். எத வச்சு? அதே ஒத்தப் பாதை வண்டிய வச்சு.

இப்ப கேளு. அவன் விட்ட அந்த 787 எல்லாம் எங்க போச்சு? நார்ஸ் அட்லாண்டிக்னு 2021லயே ஒரு புதுக் கம்பெனி மொளைச்சுச்சு. அந்த வண்டிகள கொறைஞ்ச வாடகைக்கு அள்ளிக்கிட்டான். நார்வேஜியனை நடத்தின பெரியவரும் இதுல பங்கு போட்டாரு. அவனும் அமெரிக்காவுக்கு விட்டான். வெயில் காலத்துல கூட்டம், குளிர் காலத்துல காலி. குளிர் காலத்துல சும்மா நிக்க வண்டிக்கும் வாடகை கட்டணுமேன்னு யோசிச்சான். வண்டிய விமானியோட சேத்து அடுத்தவனுக்கு வாடகைக்கு விட்டிருவோம்னு முடிவு பண்ணினான். எடுத்தது யாரு? நம்ம இண்டிகோ. 2025 ஜூலையில பம்பாய்லருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பறந்துச்சே, கேக் வெட்டினானே, அது இந்த வண்டிதாம்லே!

ஒருத்தன் ஓட்டி, நட்டப்பட்டு, விட்டுட்டுப் போன வண்டி. இன்னொருத்தன் எடுத்து, ஆள் சேக்க முடியாம வாடகைக்கு விட்ட வண்டி. மூணாவது ஆளு வாங்கி, நான் வேற மாதிரின்னு சொல்லுதான். வண்டி என்னமோ அதே வண்டிதான். நான் சும்மா குத்திக் காட்டல. மூணாவது ஆளுக்கு ஒரு கெட்டிக்காரத்தனமும் இருக்கு, அத பொறவு சொல்லுதேன்.

நம்ம நாட்டுக் கதை வேண்டாமா? சூரரைப் போற்று பாத்து அழுதேல்லா? அந்தப் படத்துக்குக் கரு குடுத்த கேப்டன் கோபிநாத் 2003ல ஏர் டெக்கான் ஆரம்பிச்சாரு. சின்ன ஏடிஆர் விசிறி விமானம். ஏழபாழை எல்லாம் ஏறுச்சு. படம் அங்கன முடிஞ்சு போச்சு. நெசத்துல அதுக்கு மேல இருக்கு. 2007ல கிங்ஃபிஷர்காரன் அத வாங்கினான். வெளிநாடு பறக்கணும்னா உள்ளூர்ல அஞ்சு வருசம் பறந்திருக்கணும்னு அப்ப சட்டம். கிங்ஃபிஷருக்கு அந்த வயசு இல்ல, டெக்கானுக்கு மறு வருசம் அஞ்சு நெறைய இருந்துச்சு. மறு வருசமே பெங்களூர்லருந்து லண்டனுக்கு ஏ330. அதுக்கு முன்னயே, 2005லயே, ரெண்டு மாடி வச்ச ஏ380 அஞ்சுக்கு ஆர்டர் குடுத்திருந்தான். ஒண்ணுகூட வந்து சேரல. 2012ல லைசென்ச நிறுத்தி வச்சாச்சு. சம்பளம் வராம வேலையாளுக ரோட்டுக்கு வந்தாக. மலிவுக் கம்பெனியும் போச்சு, பவுசுக் கம்பெனியும் போச்சு.

அயர்லாந்துக்காரன் ரயன்ஏர் மட்டும் கெட்டிக்காரன். 2015 மார்ச்சுல, அமெரிக்காவுக்கு விடப்போறோம், மேலிடம் சம்மதிச்சாச்சுன்னு சேதி வந்துச்சு. மூணு நாள் கழிச்சு, நாங்க அப்படி ஒண்ணும் யோசிக்கவே இல்லைன்னு சொல்லிப்புட்டான். வெக்கம்லாம் படல. இன்னைய தேதி வரைக்கும் ஒரு பெரிய வண்டிகூட வாங்கல. துட்டு மட்டும் சேந்துக்கிட்டு இருக்கு.

அப்ப யாருமே பொழைக்கலையா தாத்தாங்க. பொழைச்சிருக்கான், மறைக்கல. சிங்கப்பூர்க்காரன் ஸ்கூட் இருக்கான்லா. திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் வாரானே, அவந்தான். 2012லருந்து பெரிய வண்டி ஓட்டுதான். அவனுக்கு அப்பன் யாரு? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். ஆரம்பத்துல அப்பன் ஓட்டின 777தான் அவன் கைக்கு வந்துச்சு. விழுந்தா தூக்க ஆளு இருக்கு. திருச்சிக்காரன சின்ன வண்டியில சிங்கப்பூர் சாங்கி ஏர்போட்டுக்குக் கொண்டு வந்து, அங்கனருந்து பெரிய வண்டியில மாத்தி ஏத்துதான். ரெண்டும் ஒரே சங்கிலி.

பிலிப்பைன்ஸ்ல செபு பசிபிக்னு ஒருத்தன். அவன் பவுசே பாக்கல. ஏ330 நியோவுல 459 சீட்ட அடைச்சான். மத்தவன் முன்னூறு வச்சு ஓட்டுத வண்டி அது. துபாய்க்கு வேலைக்குப் போற சனம், வீட்டுக்கு வார சனம், வருசம் பூரா கூட்டம். மணிலா ஏர்போட்டுல எறங்க எடம் கெடையாது. அதனால ஒரு தடவை எறங்கினா நெறைய ஆளோட எறங்குவோம்னு பெரிய வண்டி. பெரிய வண்டி அவனுக்குப் பவுசு இல்லலே, நெருக்கடி.

இதத்தான் நான் அளவுகோலா வச்சுப் பாக்கேன். தேவைக்கு வாங்குதானா, பேருக்கு வாங்குதானா?

இண்டிகோ பக்கத்து நியாயத்தையும் பாப்போம். ஒருதலையாப் பேசினா நான் பெரிய மனுசன் இல்ல. நம்ம நாட்டுலருந்து லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போறவன எம்புட்டு காலமா யாரு ஏத்திட்டுப் போறா? துபாய்க்காரன், தோகாக்காரன், இஸ்தான்புல்காரன். இண்டிகோ நாடு பூரா சின்ன ஊருலருந்து ஆளப் பெறக்கிட்டு வந்து பம்பாய்லயும் டெல்லியிலயும் எறக்கி விடுதான். அங்கனருந்து அரபுக்காரன் அவனத் தூக்கிட்டுப் போறான். நம்ம தூத்துக்குடி வாகைகுளம் ஏர்போட்டுலருந்து ஏடிஆர்ல ஏறுதவனும் இதுல சேத்தி. கூட்டிட்டு வந்தவன் நான், கொழுத்தவன் அவனான்னு ஒரு நாள் கேக்கத் தோணும்லா? அந்தக் கேள்வியில தப்பு இல்ல. ஸ்கூட்டுக்கு அமைஞ்ச சங்கிலி இவனுக்கும் அமைஞ்சு கெடக்கு. லேக்கருக்கும் வாவுக்கும் இது கெடையவே கெடையாது.

அதோட சின்ன வண்டிக்கு ஒரு எல்லை இருக்கு. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான்காரன் வானத்த மூடினான். சுத்திப் போணும். அல்மாட்டிக்கும் தாஷ்கண்டுக்கும் ஒத்தப் பாதை வண்டியில எண்ணெ பத்தல, சர்வீச நிறுத்திப்புட்டான். பம்பாய் ஓடுபாதையோ ஒண்ண ஒண்ணு வெட்டிக்கிட்டுக் கெடக்கு, ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் ஓடும். நெனச்சப்ப எல்லாம் எறங்க முடியாது. பெரிய வண்டி வயித்துல சரக்கும் டன் கணக்குல ஏத்தலாம். மீனும் மருந்தும் துணியும் போகும். ஆளு காலியா இருந்தாலும் சரக்கு கை குடுக்கும்.

கெட்டிக்காரத்தனம்னு சொன்னேன்லா, அது இதுதான். எடுத்த எடுப்புல சொந்தமா வாங்கி எறக்காம, வாடகைக்கு எடுத்துத் தண்ணி ஆழம் பாக்கான். 2023ல துருக்கிக்காரன்ட்ட 777 எடுத்து இஸ்தான்புல் விட்டான். அரசியல் மாறி, 2025ல முடிச்சுக்கோன்னு அரசாங்கம் நெருக்குச்சு. நார்ஸ்காரன்ட்டயும் எடுத்தான். ஆரம்பத்துல வாரத்துக்கு மூணு நாள்தான் விட்டான். நட்டம்னா திருப்பிக் குடுத்துட்டுப் போயிரலாம். இந்த மட்டுக்கும் புத்திதான்.

ஆனா பாரு, ஆழம் பாத்து முடிக்கும் முன்னயே துணிய அவுத்துட்டான். 2024 ஏப்ரல்ல ஏ350 முப்பதுக்கு ஆர்டர். வேணும்னா இன்னும் எழுபதுன்னு ஒரு துண்டு. 2025 ஜூலையிலதான் மொத மொதலா மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போறான். அதுக்கு முந்துன மாசமே அந்தத் துண்டுலருந்து முப்பத எடுத்து அறுபது ஆக்கிப்புட்டான். ஒரு குளிர் காலம் ஓட்டிப் பாத்தியாலே? நார்ஸ்காரன மூச்சுத் திணற வச்சதே குளிர் காலம்தானே! முப்பது வந்து சேந்து, ரெண்டு வருசம் ஓடி, நோட்டுல லாபம் தெரிஞ்ச பொறவு மறு முப்பதக் கேட்டா கடைக்காரன் இல்லம்பானா? கியூ நீளம், இப்ப விட்டா கெடைக்காதும்பான். நாளைக்கு வெல ஏறும், இன்னைக்கே வாங்குன்னு சொல்லாத யாவாரி உண்டா?

இண்டிகோவோட பவுசப் பத்தியும் சொல்லணும். மலிவுக்காரன்னா மலிவுக்காரனா இருந்துக்கோயேன். 2024 நவம்பர்ல டெல்லி–பம்பாய் வண்டியில ஸ்ட்ரெச்சுன்னு அகலச் சீட்டு போட்டான். 18,018 ரூவாயாம். அது என்ன கணக்கு, பதினெட்டாயிரத்துப் பதினெட்டு? கம்பெனிக்குப் பதினெட்டு வயசாம். வயசுக்கு வந்த புள்ளைக்கு மொய் எழுதச் சொல்லுதான்! சாப்பாடு ஓபராய் ஓட்டல்லருந்து. நேத்து வரைக்கும் உப்புமா டப்பாவுல சுடுதண்ணி ஊத்தின கை. நான் கேலிக்குச் சொன்னாலும் இதுல ஒரு நாயம் இருக்கு. தூரம் போகணும்னா முன்னால துட்டுக்காரன் உக்காரத்தான் வேணும், அவன் துட்டு இல்லாம பின்சீட்டு மலிவு ஆகாது. வாடகை 787ல 56 அகலச் சீட்டு இருக்கு, பின்னால 282. பின்னால உள்ளவனுக்கும் சோறு சும்மாதான். அப்ப இதுக்குப் பேரு மலிவு விமானமா? இல்லலே. இது வேற யாவாரம். வேற யாவாரம்னு வாயத் தொறந்து சொல்லணும், தனி நோட்டு போடணும். உள்ளூர் வண்டி சம்பாதிச்சதுல வெளியூர் வண்டி நட்டத்த மறைக்கக் கூடாது. கிங்ஃபிஷர்காரன் ரெண்டையும் ஒரே பாத்திரத்துல ஊத்தினான்.

ஏதென்சுக்கு இண்டிகோக்காரன் எதுல போறான் தெரியுமா? ஏ321 எக்ஸ்எல்ஆர். ஒத்தப் பாதை வண்டிதான், ஆனா 8,700 கிலோமீட்டர் வரைக்கும் பறக்கும். 2026 ஜனவரியில டெல்லியிலருந்தும் பம்பாய்லருந்தும் ஆரம்பிச்சான். இருநூறு பேரு சேந்தாப் போதும், விமானி பழகின வண்டி, சாமான் பெரும்பாலும் பழகின சாமான். எனக்குப் பிடிச்சது இதுதான். பேப்பர்ல சின்னதாத்தான் வந்துச்சு. பெரிய வண்டிக்குத்தான் பெரிய போட்டோ.

அது கெடக்கட்டும், 2025 டிசம்பர மறந்துட்டியா? விமானிக்குக் கூட ஓய்வு குடுக்கணும்னு புதுச் சட்டம். ரொம்ப நாளா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான். நம்ம ஆளு விமானி சேக்காம, இருக்கவன வச்சே ஓட்டிரலாம்னு இருந்தான். டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாள்ல ஆயிரம் விமானத்துக்கு மேல ரத்து. கல்யாணத்துக்குப் போறவன், கருமாதிக்குப் போறவன், பரீட்சைக்குப் போறவன் எல்லாம் ஏர்போட்டுத் தரையில பெட்டிய தலைக்கு வச்சுப் படுத்துக் கெடந்தான். பெட்டி ஒரு ஊருல, ஆளு ஒரு ஊருல. அரசாங்கம் வந்து, பத்துல ஒரு சர்வீசக் கொறைச்சுக்கோன்னு சொல்லும்படி ஆச்சு. ஏன் வந்துச்சு? ஆளு மிச்சமா வச்சிருந்தா செலவுன்னு நெனச்சான். உள்ளூர்ல ஒரு வண்டி நின்னா அடுத்த வண்டியில ஏத்தி விடலாம். ஆம்ஸ்டர்டாம்ல ஒரு வண்டி நின்னா? முன்னூறு பேர எந்த வண்டியில ஏத்துவ? ஆரம்பத்துல வாரத்துக்கு மூணு நாள்தானே விட்ட! ரெண்டு நாள் லாட்ஜு போட்டுச் சோறு போடணும். அந்தச் சோத்துலயே அந்த மாச லாபம் போயிரும். ஆள இறுக்கிப் புடிச்சு ஓட்டுத பழக்கம் ஒத்தப் பாதையில சமத்து, ரெட்டைப் பாதையில கேடு. அறுபது வண்டி வரும் முன்ன அவன் மாத்த வேண்டியது இந்தப் பழக்கத்த.

அப்ப வாங்கலாமா, வேண்டாமான்னு கேக்கே. என் தீர்ப்பு இது. மலிவுக் கம்பெனி எல்லாத்துக்கும் பெரிய வண்டி ஆகாது, அதுல பத்துக்கு எட்டு பேரு தெருவுக்கு வருவான். இண்டிகோவுக்கு ஆகும். அதுக்குக் காரணம் அவன் கெட்டிக்காரன்ங்கது இல்ல, சின்ன ஊரு சங்கிலி அவன் கையில இருக்கு. ஆனா முப்பது போதும். பத்து ஊருக்கு வாரத்துக்கு ரெண்டு நாள்னு தெளிக்காம, நாலு ஊருக்குத் தெனம் விடணும். தெனம் இல்லைன்னா துட்டுக்காரன் அரபுக்காரன்ட்டயே போயிருவான், அவனுக்கு ஒத்தி வைக்க நேரம் கெடையாது. நட்டம்னா மூணு வருசத்துல நிறுத்தத் தைரியம் வேணும், போட்டோ புடிச்ச கூச்சத்துல தொடரக் கூடாது.

மொத ஏ350 வர 2027 ஆகும்னு சொன்னான். விமானம் செய்யுதவன் சொன்ன தேதிக்குக் குடுத்ததா சரித்திரம் கம்மி. அதுவரைக்கும் நீ துள்ளாத. நீ லண்டனுக்குப் படிக்கப் போறன்னு உங்க அம்மா சொன்னா. டிக்கெட் எடுக்கையில விமானம் பெருசா சின்னதான்னு பாக்காதலே. பெட்டி எத்தன கிலோ, சோறு உண்டா, ரத்தானா அடுத்த வண்டி என்னைக்கு? இந்த மூணையும் கேளு. துபாய் வழியாப் போனா எம்புட்டு, நேரா போனா எம்புட்டுன்னு பக்கத்துல பக்கத்துல எழுது. எதுல கொறைச்சலோ அதுல ஏறு. கம்பெனிக்குக் கொடி புடிக்க நீ என்ன அவனுக்குப் பங்காளியா? போ, போயி உங்க ஆச்சிட்ட எனக்குக் காப்பி போடச் சொல்லு. சீனி கொஞ்சமாப் போடச் சொல்லு.